மக்கன் பேடா ருசியில் புரோட்டீன் ஸ்மூத்தி: வீட்டு மிக்ஸியிலேயே செய்யும் வழி

வேலூர் பக்கம் காட்பாடியில் ரூம் எடுத்துத் தங்கிப் படிப்பவராகட்டும், சத்துவாச்சாரியில் புதிதாக ஜிம்முக்குப் போகிறவராகட்டும், முதல் மாதம் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ‘குலாப் ஜாமூன்’, ‘மலாய் குல்ஃபி’ என்று படம் போட்ட பெரிய புரோட்டீன் டப்பாவாக வாங்கி, தண்ணீரில் குலுக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறார்கள். பத்து நாளில் திகட்டிப்போய் டப்பா பரணுக்கு ஏறிவிடும்.

டப்பாவில் வாங்க வேண்டியது புரதம் மட்டும்தான். இனிப்பின் ருசியை அடுப்பும் மிக்ஸியும் பார்த்துக்கொள்ளும். உள்ளே முந்திரி வைத்துப் பொரித்துப் பாகில் ஊறவைக்கும் இனிப்பான ஆற்காடு மக்கன் பேடாவின் ருசியில் ஒரு கிளாஸ் செய்வதை இங்கே முழுதாகப் பார்க்கலாம். அது கைக்கு வந்துவிட்டால் மற்ற ருசிகளுக்கு ஒன்றிரண்டு பொருளை மாற்றினால் போதும்.

1. உங்களுக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடை என்றால் சுமார் 50 கிராம். இங்கே சொல்லும் ஒரு கிளாஸில் 36 கிராம் பக்கம் வந்துவிடும். அதனால் இதைச் சாப்பாட்டுக்கு மேல் கொசுறாகக் குடிக்காமல், காலை டிபனுக்குப் பதிலாகக் குடியுங்கள். நாலு இட்லியும் சாப்பிட்டு இதையும் குடித்தால் 400 கலோரிக்கு மேல் கூடுதலாக ஏறும்.

உடம்பை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்லித்தான் 2024இல் வெளியான அதே நிறுவனத்தின் உணவு வழிகாட்டி அறிவுறுத்துகிறது. டப்பா இல்லாமலேயே செய்யும் முறையைக் கீழே 6இல் பாருங்கள். பலருக்கு அதுவே போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இரண்டு முறையையுமே டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பேரீச்சம்பழத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2. டப்பா வாங்கும்போது படிக்க வேண்டியவை

எந்த ருசி? சுவை சேர்க்காதது, கிடைக்காவிட்டால் வெனிலா. இனிப்பு ருசி போட்ட டப்பாக்களில் சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்பு ஏற்கெனவே இருக்கும். அதனுடன் பாலும் பேரீச்சையும் சேர்ந்தால் தொண்டையில் ஒட்டுகிற இனிப்பாகிவிடும், குறைக்கவும் வழி கிடையாது. வெறும் பவுடராக இருந்தால் இன்று பேடா, நாளை ரோஸ்மில்க் என்று மாற்றிக்கொள்ளலாம்.

எந்த வகை? பால் திரியும்போது பிரியும் தண்ணீரிலிருந்து எடுக்கும் புரதம்தான் ‘வே’. வே கான்சன்ட்ரேட்டில் பொதுவாக 70 முதல் 80 சதவீதம் புரதம் இருக்கும். ஐசோலேட்டில் 90 சதவீதம் அளவுக்கு இருக்கும், விலையும் கூட. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு ஐசோலேட் ஓரளவு ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் அதில் பால் சர்க்கரையான லாக்டோஸ் குறைவு. மற்றவர்களுக்குக் கான்சன்ட்ரேட் போதும். ருசியிலும் அதுதான் பாலுக்கு நெருக்கம்.

டப்பாவின் பின்பக்கத்தில் ‘ஒரு ஸ்கூப்’ எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை கிராம் என்று பாருங்கள். 30 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்றால் 80 சதவீதம். ‘மாஸ் கெயினர்’ என்று எழுதிய பெரிய டப்பா மலிவாகத் தெரியும், ஆனால் உள்ளே பெரும்பகுதி மாவுச்சத்துதான். ஒரு கணக்குக்காக: 1 கிலோ வே 2,400 ரூபாய், 80 சதவீதம் புரதம் என்றால் கிராம் புரதத்துக்கு 3 ரூபாய். அதே 2,400 ரூபாய்க்கு 3 கிலோ கெயினர், 15 சதவீதம் புரதம் என்றால் கிராமுக்கு 5 ரூபாய்க்கு மேல். மூன்று மடங்கு எடை கிடைத்தும் நட்டம்தான். கடைக்காரர் சொல்லும் விலையை வைத்து இதே கணக்கை அங்கேயே கைபேசியில் போட்டுவிடுங்கள்.

பொருள்பட்டியலில் கிளைசின், டாரின் என்று தனியாகச் சேர்த்திருந்தால் அந்த டப்பாவை வைத்துவிட்டு வாருங்கள். சோதனையில் புரதத்தை நைட்ரஜனை வைத்துத்தான் அளப்பார்கள். நைட்ரஜன் உள்ள இப்படிப்பட்ட மலிவான அமினோ அமிலத்தைக் கலந்து அந்த எண்ணைக் கூட்டிக் காட்டும் வேலை இந்தத் தொழிலில் உண்டு.

பிறகு உரிமமும் பில்லும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் டப்பாவில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் உரிம எண்ணும் உள்ள ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். பில் கட்டாயம் வாங்குங்கள். பில் இல்லாத டப்பாவைப் பற்றி எங்கே போய்ப் புகார் சொல்வது? இணையத்தில் வாங்கினால் பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். மூடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் சீல் பிரிந்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சரக்கின் மேலேயே சந்தேகம் என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுக்கலாம்.

முதல் தடவை 1 கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.

3. முந்தின நாள் ராத்திரி வேலை: 20 நிமிடம்

பால். நீல நிற ஆவின் பாக்கெட் போதும். அது 3 சதவீதக் கொழுப்புள்ள பால், 200 மி.லி.யில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கும். காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டு பிரிட்ஜில் வையுங்கள். ஆடையோடு மிக்ஸியில் போட்டால் திப்பி திப்பியாக வாயில் சிக்கும். கறந்த பால் வாங்குகிறவர்கள் கொதிக்கவைக்காமல் எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது.

ஐஸ். போர் தண்ணீரில் ஐஸ் கட்டி வைத்தால் அதன் உப்புக்கரிப்பு கிளாஸில் அப்படியே தெரியும். கேன் தண்ணீரில் வையுங்கள். வேலூர் சித்திரை வெயிலில் ஒற்றைக் கதவு பிரிட்ஜின் ஃப்ரீசர் மெதுவாகத்தான் உறையவைக்கும், அதனால் ராத்திரியே வைத்துவிடுவது நல்லது. மறுநாள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் கரண்ட் போவதற்கு முன்னாலேயே அடித்துக் குடித்துவிட வேண்டும்.

பாதாம் பிசின். அரை டீஸ்பூன் போதும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறவைத்தால் காலையில் டம்ளர் நிறையப் பொங்கியிருக்கும். ஐஸ்கிரீம் போட்ட மாதிரி ஒரு கொழகொழப்பு இதனால்தான் வரும், கொழுப்பு சேர்க்க வேண்டியதில்லை. அசல் பிசினில் பட்டைத் துணுக்கும் தூசியும் இருக்கும். ஊறியபின் கையால் பொறுக்கிவிட்டு அலசுங்கள். ஊறவைக்க மறந்துவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், அரை மணி நேரம் ஊறிய பிசின் நறநறவென்று கடிபடும்.

4. பேடா வாசனை எங்கிருந்து வரும்?

மக்கன் பேடா என்பது கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி போன்ற பருப்பு வகைகளை வைத்து, பொரித்து, ஏலக்காய்ப் பாகில் ஊறவைத்தது. அதன் ருசியில் பாதி, பால் சிவந்து வறுபட்ட வாசனை. எஸ்ஸென்ஸ் ஊற்றினால் அது வராது. பால் பவுடரை வறுத்தால் வரும்.

கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 15 கிராம், அதாவது இரண்டு டேபிள்ஸ்பூன் எடுத்துக்கொள்ளுங்கள். அடிகனமான வாணலியில் அரை டீஸ்பூன் நெய் விட்டு, அடுப்பை மிகச் சிறியதாக வைத்து, பவுடரைப் போட்டுக் கை நிறுத்தாமல் கிளறுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அதன்பின் சட்டென்று நிறம் மாறத் தொடங்கும். மேரி பிஸ்கட் நிறம் வந்ததும் வாணலியை இறக்கினால் மட்டும் போதாது, பவுடரை உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியின் சூட்டிலேயே அது இன்னும் ஒரு படி சிவந்து கசந்துவிடும். இந்த ஒரு கட்டத்தில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். கருகியதைச் சர்க்கரை போட்டுச் சரிசெய்ய முடியாது, கொட்டிவிட்டு மறுபடி வறுங்கள். ஒரே தடவையில் 100 கிராம் வறுத்துக் காற்றுப் புகாத பாட்டிலில் வைத்தால் ஒரு வாரத்துக்கு ஆகும்.

வே பவுடரை இப்படி வறுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. வே புரதம் 70 டிகிரிக்கு மேல் உறைந்து கட்டி தட்டும். சத்து போகாது, ஆனால் ரவை மாதிரி ஆகிவிடும். சூடான பாலில் கலக்கினாலும் இதே கதிதான்.

கடையில் வாங்கிய மக்கன் பேடாவையே ஜாரில் போட்டு அடிப்பவர்களும் உண்டு. மைதாவும் பாகும் சேர்ந்து பசை மாதிரி வரும். ஆசையாக இருந்தால் கால் பேடாவை உதிர்த்து மேலே தூவிக்கொள்ளுங்கள், ஜாரில் வேண்டாம்.

5. மிக்ஸியில் போடும் வரிசை

ஒரு பெரிய கிளாஸுக்கு:

குளிர்ந்த பால் 200 மி.லி.
வறுத்த பால் பவுடர் 15 கிராம்
வே பவுடர் ஒரு ஸ்கூப், 30 கிராம்
கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 2
ஊறிய பாதாம் பிசின் 2 டேபிள்ஸ்பூன்
ஏலக்காய் 1, பொடித்தது
உப்பு ஒரு சிட்டிகை
ஐஸ் கட்டி 4
மேலே தூவ முந்திரி 5, உலர் திராட்சை 8

பேரீச்சையை மூன்று ஸ்பூன் வெந்நீரில் 15 நிமிடம் ஊறவிடுங்கள். ஊறாத பேரீச்சை பிளேடில் சுற்றிக்கொண்டு ஜாரையே நிறுத்திவிடும். ஏலக்காயைத் தோலோடு போட்டால் நார் வாயில் அகப்படும்; விதையை மட்டும் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு நசுக்குங்கள்.

முதலில் பாலில் பாதி, அதன்மேல் ஊறிய பேரீச்சையும் அதன் தண்ணீரும், வறுத்த பவுடர், ஏலக்காய், உப்பு. பெரிய ஜாரில் 30 விநாடி ஓட்டுங்கள். திறந்து ஓரத்தை வழித்துவிட்டு, பிசினும் மீதிப் பாலும் சேர்த்து இன்னொரு 15 விநாடி.

ஐஸை முழுக் கட்டியாகப் போடாதீர்கள். நம் வீட்டு மிக்ஸி சட்னிக்கும் மாவுக்கும் செய்தது. கட்டி ஐஸ் மோதினால் அடியில் இருக்கும் கப்ளர் தேயும், ஜாரின் புஷ் தளர்ந்து பிறகு சட்னி ஒழுகும். துணியில் கட்டிப் பூரிக்கட்டையால் இரண்டு தட்டுத் தட்டி, நொறுங்கியதைப் போட்டு 15 விநாடி ஓட்டுங்கள். நடுவில் மிக்ஸி சட்டென்று நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். பல மிக்ஸிகளின் அடியில் ஒரு சின்ன ஓவர்லோடு பட்டன் இருக்கும். பிளக்கைக் கழற்றி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு அதை அழுத்தினால் மறுபடி ஓடும்.

வே பவுடர் கடைசியில்தான். வே புரதத்தை வேகமாக அடித்தால் முட்டை வெள்ளை மாதிரி நுரைக்கும். முதலிலேயே போட்டு ஒரு நிமிடம் ஓட்டினால் கிளாஸில் முக்கால் நுரை, கால் ஸ்மூத்தி; குடித்தபின் வயிற்றில் காற்று. கடைசியில் போட்டு, குமிழை எதிர்ப்பக்கம் திருப்பி விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று, மொத்தம் ஐந்து விநாடி போதும். கட்டி ஏதாவது மிதந்தால் கரண்டியால் கிளறுங்கள், மறுபடி ஓட்ட வேண்டாம்.

ஊற்றி, முந்திரியையும் திராட்சையையும் கையால் ஒடித்துத் தூவுங்கள். பேடாவைக் கடிக்கும்போது நடுவில் பருப்பு அகப்படுகிற சுகம் இதில்தான் இருக்கிறது, இவற்றை அரைத்துவிட்டால் அது போய்விடும்.

இனிப்பு குறைவாகப் பட்டால் உடனே சர்க்கரை தேடாதீர்கள். குளிர்ந்த பொருளில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும். முதலில் இன்னும் ஒரு துளி உப்பு. அது வே பவுடரின் கசப்பை அமுக்கி இனிப்பைத் தூக்கிக்கொடுக்கும். அதற்கும் சரிவராவிட்டால் மூன்றாவது பேரீச்சை.

புரதம்: பாலில் 6, பால் பவுடரில் 5, வேயில் 24, முந்திரியில் ஒன்றரை. ஆக 36 கிராம் பக்கம்.

6. டப்பா இல்லாமல்

பால் 200 மி.லி., பனீர் 50 கிராம், வறுத்த பால் பவுடர் 25 கிராம், பொட்டுக்கடலை 20 கிராம். மற்றதெல்லாம் மேலே சொன்னபடி. புரதம் சுமார் 28 கிராம் வரும்.

பொட்டுக்கடலையைச் சின்ன ஜாரில் மாவாக அரைத்துச் சலித்துச் சேருங்கள். சலிக்காவிட்டால் தொண்டையில் கரகரக்கும். இங்கே ஒரு தவறு நடக்கும்: பொட்டுக்கடலை மாவு தீர்ந்துபோய்விட்டது என்று பஜ்ஜிக்கு வைத்திருக்கும் கடலை மாவைப் போட்டுவிடுவார்கள். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது, அப்படியே சாப்பிடலாம். கடலை மாவு பச்சை, வயிற்றைப் பிடிக்கும். சத்து மாவையும் கஞ்சி காய்ச்சாமல் சேர்க்க வேண்டாம். பச்சை முட்டையும் வேண்டாம். கிருமி பயம் ஒரு பக்கம், முட்டையின் புரதம் வெந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும் என்பது இன்னொரு பக்கம்.

பனீர் மிருதுவாக இருந்தால்தான் மையாகும். பிரிட்ஜில் இறுகியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, பாலோடு முதலிலேயே ஒரு நிமிடம் அடியுங்கள். இதில் வே இல்லாததால் நுரைக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் பொட்டுக்கடலை நேரம் ஆக ஆகக் கெட்டிப்படும். பத்து நிமிடத்தில் குடிக்காவிட்டால் ஸ்பூன் போட்டுத்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

7. வேறு ருசிகள்

ரோஸ்மில்க்: பேரீச்சைக்குப் பதில் ரோஸ் சிரப் ஒரு டேபிள்ஸ்பூன், பால் பவுடரை வறுக்காமல் அப்படியே, மேலே 20 நிமிடம் ஊறிய சப்ஜா விதை. பிசினோடு சப்ஜாவும் சேர்ந்தால் வழவழப்பு அதிகம், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இளநீர்ப் பாயசம்: இளநீர் வழுக்கை ஒரு கைப்பிடி, தேங்காய்ப்பால் இரண்டு ஸ்பூன், பால் 150 மி.லி., சுவை சேர்க்காத வே. வெனிலா வே போட்டால் வழுக்கையின் மணம் அடிபட்டுப்போகும்.

சாக்லேட்: கோகோ ஒரு டேபிள்ஸ்பூன், பில்டர் டிகாக்‌ஷன் ஒரு ஸ்பூன். டிகாக்‌ஷன் ஆறியிருக்கட்டும்.

வாழைப்பழம் சேர்ப்பவர்கள் ரகம் பார்த்துச் சேருங்கள். பச்சை வாழை நன்றாகக் கனிந்தது சரியாக வரும். செவ்வாழை கெட்டியாக, புட்டிங் மாதிரி வரும். பூவனில் புளிப்பு இருப்பதால் பாலோடு ஒட்டாது. ரஸ்தாளியில் சில பழத்தில் நடுவே கல் மாதிரிக் கட்டி இருக்கும், நறுக்கிப் பார்த்துப் போடுங்கள். வட்டமாக நறுக்கி ராத்திரியே ஃப்ரீசரில் வைத்தால் ஐஸும் பிசினும் தேவையில்லை.

மாம்பழக் காலத்தில் பங்கனப்பள்ளி. புளிப்பு இருந்தால் பால் திரிந்த மாதிரி ஆகும், முதலில் ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். அன்னாசியைப் பச்சையாகச் சேர்த்தால் அதிலுள்ள நொதி பால் புரதத்தைச் சிதைத்துப் பத்து நிமிடத்தில் கசப்பாக்கிவிடும். தகர டப்பாவில் வரும் அன்னாசி சூடுபட்டது, அதில் இந்தத் தொல்லை இல்லை.

8. செலவும் நேரமும்

மேலே சொன்ன 2,400 ரூபாய் டப்பாவில் 33 ஸ்கூப் வரும், ஸ்கூப்புக்கு 72 ரூபாய். பால், பால் பவுடர், பேரீச்சை, முந்திரி எல்லாம் சேர்ந்து 30 ரூபாய் பக்கம். கிளாஸுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனீர் முறையில் 60 ரூபாய்க்குள் முடியும். பருப்பு வகைகளையும் பிசினையும் லாங்கு பஜார், நேதாஜி மார்க்கெட் பக்கம் எடைபோட்டு வாங்கினால் சின்னப் பாக்கெட்டில் வாங்குவதைவிடக் கட்டுப்படியாகும். சமையல் தராசு ஒன்று வாங்குவது நல்லது. ஸ்கூப்பைக் குவித்து எடுத்தால் 30 கிராம் 38 ஆகிவிடும், டப்பா மாதக் கடைசிக்கு வராது.

ராத்திரி வேலையும் வறுத்த பவுடரும் தயாராக இருந்தால் காலையில் ஏழெட்டு நிமிடம்.

மிக்ஸி வைக்க விடாத ஹாஸ்டலில் இருப்பவர்கள் பேரீச்சைக்குப் பதில் பேரீச்சை சிரப் வாங்கிக்கொள்ளுங்கள். ஷேக்கரில் முதலில் பால், பிறகு வறுத்த பவுடர், கடைசியில் வே என்று போட்டுக் குலுக்கலாம். பால் கட்டாயம் குளிர்ந்திருக்க வேண்டும்.

9. வைத்திருப்பதும் கழுவுவதும்

அடித்த ஸ்மூத்தியை வெளியே வைத்தால் வேலூர் வெயிலில் ஒரு மணி நேரம்தான் கெடு. அதற்கு மேல் போனால் கொட்டிவிடுங்கள். பிரிட்ஜில் மறுநாள் வரை தாங்கும், ஆனால் தண்ணீர் தனியாகப் பிரியும். ஜிம்முக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பவுடர்களை உலர்ந்த ஷேக்கரில் போட்டு எடுத்துப்போய், அங்கே குளிர்ந்த பால் வாங்கி ஊற்றிக் குலுக்குவதுதான் சரி.

டப்பாவைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்துத் திறக்கும்போது உள்ளே ஈரம் படிந்து பவுடர் கட்டி தட்டும். பைக் பெட்டியிலும் மொட்டை மாடி ரூமின் ஜன்னலோரத்திலும் வேண்டாம். ஈரக் கையோடு ஸ்கூப்பைத் தொடாதீர்கள். எறும்பு வரும் வீடென்றால் டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள்.

ஜாரைக் குடித்து முடித்த கையோடு கழுவ வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீர்; வெந்நீர் ஊற்றினால் புரதம் வெந்து பிளேடின் அடியில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரும் இரண்டு சொட்டு சோப்பும் விட்டுப் பத்து விநாடி ஓட்டுங்கள். மூடியில் இருக்கும் ரப்பர் வாஷரைக் கழற்றித் தனியாகத் தேய்த்து வெயிலில் காயவையுங்கள். மறுநாள் தேங்காய்ச் சட்னியில் புளித்த பால் வாடை வந்தால் அந்த வாஷரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.